வலிமையே இயலுமை

சென்ற திங்கள் ஒரு மாலை, மேல்பட்டாம்பாக்கத்தில் எம் வீட்டுத் திண்ணையில் ஆங்கிலப் பாடம் படித்துக்கொண்டிருந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எம்மை நோக்கி, “ஐயா, ‘மைட்டு’ என்றால் ‘வரலாம், போகலாம்’ என்பதில் வரும் ‘லாம்’ என்று வகுப்பில் சொன்னார்கள். அகரமுதலியிலோ ‘வலிமை’ என்று போட்டிருக்கிறது. எது சரி?” என்று வினவினான். இரண்டும் சரியே என்றோம். உடனே அவன், “ஒரே சொல்லில் இரண்டு பொருளா! ஆங்கிலம் ஆங்கிலந்தான் ஐயா. தமிழில் இப்படியெல்லாம் முடியாது” என்றான்.

பிள்ளைமேல் குற்றமில்லை. அவன் கேட்டு வளர்ந்ததை அவன் சொன்னான். ஆயினும் ‘முடியாது’ என்னும் அச்சொல் அன்றிரவு முழுதும் எம் நெஞ்சில் முள்ளாய்க் குத்திற்று. ஆகலின் அவனுக்கென எண்ணியவற்றை அன்பர்கள் அனைவர்க்குமாக ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் அவ்வாங்கிலச் சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம். ‘மே’ என்பது பண்டை ஆங்கிலத்தில் ஐயப்பொருள் தரும் துணைவினையன்று. ஒருவன் ‘மே’ என்றால், ‘எனக்கு வலிமையுண்டு, என்னால் இயலும்’ என்றே அன்று பொருள்பட்டது. ‘மைட்டு’ அதன் இறந்தகால வடிவம். வலிமையைக் குறிக்கும் ‘மைட்டு’ என்னும் பெயர்ச்சொல்லும் அவ்வேரினின்று கிளைத்ததே. பெயர்ச்சொல் தன் பொருளைக் காத்துக்கொண்டது. வினையோ தேய்ந்தது. ‘வலிமையுண்டு’ என்றது ‘நிகழக் கூடும்’ என்றாகி, ‘ஒருகால் நிகழலாம்’ என்று மெலிந்து, இன்று வெறும் ஐயக்குறியாய் நிற்கின்றது. வல்லவனின் உறுதிமொழி காலப்போக்கில் தயங்குபவனின் முணுமுணுப்பாயிற்று.

அவ்வேரின் பிற கிளைகளையும் காண்க. செருமானியத்தில் ‘மாக்து’ என்பது வலிமை. ‘மோக்லிக்’ என்பது இயலக்கூடியது. இரண்டும் ஓரினம். உருசிய மொழியிலும் இயலுதலைக் குறிக்கும் வினையும், வலிமையைக் குறிக்கும் பெயரும், ‘உதவி’ என்னும் சொல்லுங்கூட ஒருவேர்க் கிளைகளே. இவ்வேரைத் தமிழின் ‘மா’ என்னும் சொல்லோடு முடிச்சிட அன்பர் சிலர் கருதக்கூடும். ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. தமிழின் பெருமைக்கு அம்முடிச்சு வேண்டுவதுமில்லை.

ஏனெனில், வலிமையையும் இயலுமையையும் இணைத்த சொற்கள் தமிழில் ஒன்றல்ல, பல.

‘வல்’ என்னும் வேரைப் பாருங்கள். வலிமை, வன்மை, வல்லமை என்பன ஆற்றலைக் குறிப்பன. வல்லவன், வல்லுநன் என்போர் ஒன்றைச் செய்ய இயன்றோர். ‘வல்லான் வகுத்ததே வாய்க்கால்’ என்னும் பழமொழியில் வலிமையும் இயலுமையும் ஒருங்கே நிற்கின்றன. ‘ஆற்று’ என்பதும் அத்தகையதே. ஆற்றுதல் செய்தலும் இயலுதலுமாம், ஆற்றல் வலிமையாம், ஆற்றாமை இயலாமையாம். ‘இயல்’ என்பதற்கு நடத்தல் என்பதும் பொருள். இயங்குதலும் இயக்கமும் அதன் உறவுகள். எனவே தமிழனுக்கு இயல்வதாவது இயங்குவதே. மாணவன் எளிதாகக் கருதிய ‘லாம்’ கூட வெற்றசையன்று. செய்யல் + ஆம் = செய்யலாம். ‘ஆம்’ என்பது ‘ஆகும்’ என்பதன் சுருக்கம். ஆகு, ஆக்கு, ஆக்கம் என விரியும் அவ்வேரில் உருவாதலும் வளர்ச்சியும் செல்வமும் அடங்கியுள்ளன.

பின், குறை எங்குளது? சொல்லில் இல்லை, சொல்லை ஆளும் நம்மிடத்திலேயே உளது. ‘வலி’ என்றால் இன்று நம் பிள்ளைகட்கு நோவு மட்டுமே. திருக்குறளின் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத் தலைப்பைக் காட்டினால், மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்தியோ என மயங்குவர். ‘மாட்டு’ என்பதற்குப் பழம்பொருள் இயலுதல். ‘மாட்டேன்’ என்றால் ‘என்னால் இயலாது’ என்பதே அன்றைய பொருள். இன்றோ அது ‘செய்ய விருப்பமில்லை’ என்னும் மறுப்பாயிற்று. ‘கூடாது’ என்பது ‘இயலாது’ என்ற நிலையினின்று ‘செய்யாதே’ என்னும் தடையாக மாறிற்று. ‘முடியாது’ என்பதோ இரண்டிடத்தும் கால்வைத்து நிற்கின்றது: இயலாதவனும் முடியாது என்கிறான், விரும்பாதவனும் முடியாது என்கிறான்.

‘தமிழால் முடியாது’ என்பார் உரையை இவ்வுரைகல்லில் உரைத்துப் பாருங்கள். மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க முடியாதாம். 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். அயலான் நாவால் முடிந்தது தாய்மொழியாளன் நாவால் முடியாதாம்! பொறியியலும் அற்றே. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. ஆகவே முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. இனியும் ‘முடியாது’ என்பவர், ‘மாட்டேன்’ என்பதற்கு மாற்றுடை உடுத்துகின்றார் என்க.

இனி, வலியார் வாயிலிருந்து வரும் ‘கூடாது’ ஒன்றுண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழை வழக்காடு மொழியாக்கக் கோரித் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் இயற்றிற்று. நடுவணரசு இன்றுவரை இசையவில்லை. இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர்நீதிமன்றங்களில் இந்திக்குக் கூடுவது, சென்னையில் தமிழுக்குக் கூடாதாம். அரசியற் சட்டத்தின் 348-ஆம் பிரிவு இருசாரார்க்கும் ஒன்றே. அங்கே இயன்றது மொழியின் சிறப்பாலன்று, கேட்டோர் வலிமையால். வலிமையே இயலுமை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

எம்மூர்க்குத் தென்மேற்கே இருக்கும் நெய்வேலியை நோக்குங்கள். 1930-களில் சம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டுகையில் கரும்பொருள் வெளிப்பட்டது. கரி உண்டு என்று தெரிந்த பின்னும் அது கைக்கு வரவில்லை. கரிப்படுகையின் கீழே அடைபட்ட நிலத்தடி நீர் பேரழுத்தத்தோடு மேல்நோக்கி உந்திற்று. கரி எடுக்கலாம் என்பது அன்று வெறும் ‘லாம்’. ஓயாது நீரிறைத்து அவ்வழுத்தத்தைத் தணித்த பின்னரே அது வலிமையாயிற்று. மண் அகழ, வாளிகள் கோத்த பெருஞ்சக்கரப் பொறிகள் செருமானியத்தினின்று வந்தன. மின்நிலையம் சோவியத்து உதவியால் எழுந்தது. நாம் மேலே கண்ட வேர்ச்சொல் வழங்கும் இரு மொழியாரும் இம்மண்ணில் நின்று உழைத்திருக்கின்றனர்.

இங்கே ஓர் ஆண்டை நினைவிற் கொள்க. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவுபெற்றது 1956-இல். தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1956-இல். முன்னது 1961-இல் கரி கண்டது. 1962-இல் மின்னாக்கம் தொடங்கிற்று. 600 மெகாவாட்டுத் திறனுக்கு வளர்ந்த அம்முதல் அனல்மின் நிலையம், அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து 2020-இல் ஓய்வும் பெற்றுவிட்டது. ஒரு மின்நிலையம் பிறந்து, உழைத்து, முதிர்ந்து, மூடப்பெற்ற காலத்துக்குள்ளும் ஆட்சித்தமிழ் தன் முழுநிலையை எய்தவில்லை. கரியை மேலெடுக்க நீரை இறைத்தோம். தமிழை மேலெடுக்க, அதன்மேல் அழுத்திநிற்கும் ஆங்கில மயக்கத்தை யார் இறைத்தோம்?

நெய்வேலிக்காரர் ‘பழுப்பு நிலக்கரி’ என்கின்றனர், ‘சுரங்கம்’ என்கின்றனர், நகரியப் பகுதியை ‘வட்டம்’ என எண்ணிட்டும் வழங்குகின்றனர். எவரும் நாச்சுளுக்கி விழவில்லை. அதே நாக்கே ‘மைன்சு’ என்றும் ‘தெர்மல்’ என்றும் ‘பிளாக்கு’ என்றும் சொல்கின்றது. எச்சொல்லை ஆள்கிறோமோ அச்சொல் வலிமை பெறும். ஆளாத சொல் ‘லாம்’ ஆகிக் கிடக்கும்.

மறுநாள் அம்மாணவன் வந்தபோது, தாள் ஒன்றில் வல், ஆற்று, இயல், ஆகு என்னும் நான்கு வேர்களை எழுதி, ஒவ்வொன்றிலும் பிறந்த சொற்களைத் தேடி வருமாறு பணித்தோம். மூன்றாம் நாள் நாற்பத்தொரு சொற்களோடு வந்தான். “இன்னும் இருக்கும் போலிருக்கிறது ஐயா” என்றான். ‘முடியாது’ என்ற வாய் அது. அவ்வாயை மாற்ற ஒரு தாளும் இரு மாலைகளும் போதியவாயின.

அன்பர்காள், உங்கள் ஊர்த் திண்ணையிலும் ஒரு பிள்ளை இருப்பான். ஒரு தாள் எடுங்கள்.