படிப்பு என்ற பெயரில் ஆள் பிடிப்பு

சென்ற மாதம் நம் சங்கத்துக்கு ஒரு தகப்பனார் வந்தார். தாராவித் தோல் பட்டறையில் முப்பது ஆண்டு உழைத்தவர். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மகனுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த சேர்க்கைக் கடிதம். "எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு தம்பி, ஒரு தடவை படிச்சு அர்த்தம் சொல்லுங்க. ஊர்ல இருக்கிற முக்கால் ஏக்கரை அடுத்த வாரம் கிரயம் பண்ணணும்" என்றார்.

படித்துப் பார்த்தோம். முதலில் ஆறு மாதம் ஆங்கில வகுப்பு. அடுத்து ஓராண்டு சமையல் தொழிலில் சான்றிதழ். அதற்கும் அடுத்து ஓட்டல் நிர்வாகத்தில் டிப்ளமா. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே விசாவில் ஏற்றியிருந்தார்கள். பையன் யார்? பதினெட்டு வயதிலிருந்து மாட்டுங்காவில் ஓர் ஓட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்கிறவன். அவனுக்கு வெங்காயம் நறுக்கக் கற்றுக்கொடுக்க, அவன் பாட்டன் வாங்கிய நஞ்சையை விற்றுக் கட்டணம் கட்ட வேண்டுமாம்!

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும், நம் ஜனங்கள் வாழும் எந்தச் சந்திலும் இன்று இதே பேச்சுத்தான். "படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்" என்கிறது சுவரொட்டி. ஏஜெண்ட் அலுவலகத்தில் குளிர்சாதனப் பெட்டி ஓடுகிறது, தேநீர் வருகிறது, 'சார்' என்ற மரியாதை கிடைக்கிறது. தோல் பட்டறைக்காரனை யாரும் இதுவரை 'சார்' என்று அழைத்ததில்லை. அந்த ஒரு சொல்லிலேயே பாதிப் பேர் விழுந்துவிடுகிறார்கள்.

நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். இவர்கள் விற்பது படிப்பா, வேலையா? படிப்பு என்றால், ஏன் வகுப்பறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மணிக்கு எத்தனை டாலர் என்றே பேசுகிறார்கள்? வேலை என்றால், வேலைக்குப் போகிறவன் எதற்காகக் கட்டணம் கட்ட வேண்டும்?

வெளியூர் போவதை நாம் எதிர்க்கவில்லை. எதிர்க்க நமக்கு யோக்கியதையும் இல்லை. நம் அப்பன்மார் ரயிலேறி இங்கே வராதிருந்தால் இந்தச் சங்கமும் இல்லை, இந்த ஏடும் இல்லை. நாம் எதிர்ப்பது, வேலைக்கு ஆள் பிடிப்பதைப் படிப்பு என்று சொல்லி, பிடிபடுகிறவனிடமே கூலியும் வாங்கிக்கொள்ளும் பித்தலாட்டத்தை.

கணக்குக்கு வருவோம். கணக்கு யாருக்கும் சொந்தக்காரன் அல்ல.

மாணவர் விசாவில் போகிறவன், படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2023 ஜூலை 1 முதல் உள்ள விதி இது. அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலையில் மணிக்கு 24.95 டாலராக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு வாரம்கூட விடாமல் ஆண்டு முழுதும் உழைத்தாலும் ஏறத்தாழ 31,100 டாலர். அதில் வரி வேறு. இனி அடுத்த பக்கம் பாருங்கள். ஒரு மாணவன் ஓராண்டு உயிர் வாழ 29,710 டாலர் கையில் காட்ட வேண்டும் என்று அதே நாட்டு அரசு 2024 மே மாதத்தில் விதித்தது. அன்றைய மதிப்பில் பதினாறு லட்சம் ரூபாய்க்கு மேல். ஆக, சட்டப்படி உழைத்தால் மிச்சம் சுமார் 1,400 டாலர். விசா விண்ணப்பக் கட்டணம் மட்டுமே 2025 ஜூலையிலிருந்து 2,000 டாலர். விசா கிடைக்காவிட்டால் அதுவும் திரும்பாது. கல்லூரிக் கட்டணத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் நாம் இன்னும் தொடவே இல்லை!

தற்காலிக ஊழியனுக்கு 25 விழுக்காடு கூடுதல் கூலி உண்டே, விடுமுறையில் மணிக் கட்டுப்பாடு இல்லையே என்று ஏஜெண்ட் குறுக்கிடுவார். உண்மைதான். ஆனால் தற்காலிக ஊழியனுக்கு வேலை இல்லாத வாரத்தில் கூலியும் இல்லை, நோய்வாய்ப்பட்டால் சம்பளத்தோடு லீவும் இல்லை. அந்தக் கூடுதலைச் சேர்த்தாலும் கட்டணத்தையும் ஊர்க் கடனின் வட்டியையும் அதிலிருந்து அடைப்பது குதிரைக் கொம்பு.

பின் எப்படி அடைக்கிறார்கள்? திருட்டு மணிகளில்தான். கணக்கில் 24 மணி, கடையில் 45 மணி. அந்த நிமிடத்திலிருந்து பையனின் குடுமி முதலாளியின் கையில். 2015-இல் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளே அம்பலப்படுத்திய கதை இது. நாடெங்கும் கிளை பரப்பிய ஒரு பெரிய கடைத் தொடரில் வெளிநாட்டு மாணவர்களை இரட்டிப்பு நேரம் வேலை வாங்கி, பாதி நேரத்துக்கு மட்டும் கூலி எழுதினார்கள். வாய் திறந்தால், விதியை மீறினாய் என்று குடியேற்றத் துறைக்குச் சொல்லிவிடுவோம் என மிரட்டினார்கள். சட்டத்தை மீற வைத்தவனே அந்த மீறலைக் காட்டிப் பயமுறுத்தினான்.

இந்த ஏற்பாடு நம் இனத்துக்குப் புதிதா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் காட்டுக்கும் நம் முன்னோரைக் கூட்டிப் போன கங்காணியை மறந்துவிட்டோமா? அவனும் இனிக்க இனிக்கத்தான் பேசினான். முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கினான். தலைக்கு இவ்வளவு என்று தோட்டத்திடம் காசு வாங்கினான். இலங்கையில் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. பழைய கடனைத் தீர்த்தால்தான் இன்னொரு தோட்டத்துக்குப் போக விடுதலைச் சீட்டு. அதை ஒழிக்க 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்றைய ஏஜெண்டும் சேர்த்துவிட்ட தலைக்கு இவ்வளவு என்று கல்லூரியிடம் கமிஷன் பெறுகிறார். அன்றைய கங்காணி முன்பணமாவது கொடுத்தான், இவர் நம்மிடமும் வாங்கிக்கொள்கிறார். துண்டுச் சீட்டும் வேறு உருவில் இருக்கிறது. பிரதானப் படிப்பில் ஆறு மாதம் முடியும் முன் வேறு கல்லூரிக்கு மாற வேண்டுமானால், விதிவிலக்குகள் நீங்கலாக, பழைய கல்லூரியின் விடுவிப்பு வேண்டும். மூட்டையாகக் கட்டிய படிப்பில் பிரதானம் என்பது வழக்கமாகக் கடைசிப் படிப்பு. அந்தத் தகப்பனார் கொண்டுவந்த கடிதத்தின்படி ஆங்கிலம் ஆறு மாதம், சான்றிதழ் ஓராண்டு, டிப்ளமாவில் ஆறு மாதம் என இரண்டு ஆண்டு பையன் ஒரே கல்லூரியின் கொட்டிலில் கட்டுண்டு கிடக்க வேண்டும். மூன்றாகக் கட்டியது பையனின் நன்மைக்கா, கொட்டிலின் நன்மைக்கா?

"படித்து முடித்தால் அங்கேயே தங்கிவிடலாமே!" என்பது அடுத்த தூண்டில். வரலாற்றைப் புரட்டுங்கள். 2000-களின் நடுவில் சமையலும் முடிதிருத்தலும் தேவைப்படும் தொழில்கள் என்று ஆஸ்திரேலியா பட்டியல் போட்டது. மெல்போர்னிலும் சிட்னியிலும் தனியார் கல்லூரிகள் காளான்களாக முளைத்தன. இந்திய இளைஞர்கள் ஆயிரமாயிரமாய்ப் போனார்கள். இரவு வேலை முடிந்து திரும்பும்போது தாக்கப்பட்டார்கள். 2009 மே 31 அன்று மெல்போர்ன் நடுத்தெருவில் உட்கார்ந்து நீதி கேட்டார்கள். அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் கல்லூரிகள் ஒவ்வொன்றாய் இழுத்து மூடப்பட்டன. 2010 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையே அரசு ரத்து செய்தது. பாதிக் கிணறு தாண்டியவன் கதி என்ன?

2020 ஏப்ரலில் கொரோனாவால் கடைகள் மூடியபோது, தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத வெளிநாட்டு மாணவர்கள் ஊருக்குத் திரும்பட்டும் என்றார் அந்நாட்டுப் பிரதமர் ஸ்காட் மாரிசன். உள்நாட்டு ஊழியருக்குக் கிடைத்த கூலி உதவி இவர்களுக்கு இல்லை. 2024-இல் மறுபடி விதி மாறியது. மார்ச்சில் மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் 5.5-லிருந்து 6 ஆனது. ஜூலையில் படிப்புக்குப் பின் தங்கும் தற்காலிக விசாவுக்குப் பெரும்பாலோருக்கு வயது வரம்பு 35 ஆக இறங்கியது. கற்பிக்காமலே சான்றிதழ் கொடுத்த நிறுவனங்களைப் பிடித்து, அவை தந்த ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை 2024 இறுதியிலிருந்து அங்குள்ள தொழிற்பயிற்சி ஆணையம் ரத்து செய்துவருகிறது. அது அந்த நாடு, அதன் சட்டம், மாற்ற அதற்கு உரிமை உண்டு. ஆனால் மாறும் சட்டத்தின்மேல் மாறாத கடனை ஏற்றிவைக்கச் சொல்கிற ஏஜெண்டுக்கு என்ன உரிமை?

உண்மையில் தொழில் கற்றுக்கொடுக்கும் இடம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸ் சேர்ந்தவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி அவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்குச் சேருகிறவனுக்கு நிறுவனம்தான் சம்பளம் தருகிறது, அதற்குக் குறைந்தபட்ச வரம்பும் 2020-லிருந்து சட்டத்தில் உண்டு. அவன் ஜெர்மன் மொழி கற்றாக வேண்டும், அது எளிதல்ல, ஆனால் நிலத்தை விற்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவிலேயே உள்நாட்டு அப்ரண்டிஸ் கூலி வாங்கிக்கொண்டுதான் சமையல் கற்கிறான். நம் பிள்ளை மட்டும் அதே சமையலைக் காசு கொடுத்துக் கற்று, அதே அடுப்பில் நின்று உழைக்கவும் வேண்டும்.

சரி, ஆங்கிலம்? இதில்தான் நம் நெஞ்சு குறுகுறுக்கிறது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்த பிள்ளை, ஜூனியர் காலேஜ் வாசலில் ஆங்கிலச் சுவரில் முட்டிக்கொண்டு திரும்புகிறது. அந்தக் காயத்துக்கு மருந்து தேடித்தான் ஆறு மாத ஆங்கில வகுப்புக்குக் கடல் தாண்டச் சம்மதிக்கிறது. அந்தச் சுவரை இங்கேயே இடிக்கும்படி நாம் ஏன் கேட்கவில்லை? தமிழ்ப் பள்ளிகளில் நல்ல ஆங்கில ஆசிரியர் வேண்டுமென்று மாநகராட்சி முன் எத்தனை முறை நின்றோம்? ஏஜெண்டைத் திட்டுமுன் இந்தப் பழியில் நம் பங்கையும் ஒப்புக்கொள்வோம்.

நம் அரசுக்கும் பங்கு உண்டு. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது. வளைகுடாவுக்குக் கொத்தனாரை அனுப்புகிறவனுக்கு ஒரு கடிவாளமாவது உண்டு. மாணவனை அனுப்புகிறவன் அந்தச் சட்டத்தின் பார்வையில் ஆள் அனுப்புகிறவனே அல்ல! பஞ்சாப் மாநிலம் பட்ட அடியில் பாடம் கற்று, 2012-இல் தனிச் சட்டம் செய்து, விசா ஆலோசகர்களும் ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சிக் கூடங்களும் லைசென்ஸ் எடுக்கக் கட்டாயமாக்கியது. நாடு முழுவதற்கும் அப்படியொரு சட்டம் வேண்டும். கல்லூரி தரும் கமிஷன் எவ்வளவு என்று ஏஜெண்ட் பெற்றோரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். விசா மறுக்கப்பட்டால் அவர் வாங்கிய கூலி திரும்ப வேண்டும். இவை நம் கோரிக்கைகள்.

அந்தப் பையனும் மறுநாள் சங்கத்துக்கு வந்தான். கோபமாகத்தான் வந்தான். "நீங்க எல்லாரும் ஊரை விட்டு வந்தீங்க, நான் மட்டும் போகக் கூடாதா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. போகலாம் தம்பி. ஆனால் உன் அப்பா பம்பாய்க்கு ரயிலேறியபோது எந்த முதலாளிக்கும் கட்டணம் கட்டவில்லை. கூலி கேட்டு வந்தார், கூலி குறைந்தபோது கொடி பிடித்தார். நீயும் தொழிலாளியாகப் போனால் தொழிலாளியாகவே போ. மாட்டுங்காவில் நீ நின்ற ஆண்டுகள் அனுபவமா இல்லையா? அதைச் சோதித்து மதிப்பிட ஆஸ்திரேலிய அரசிடமே ஏற்பாடு உண்டு. அந்த வழியை ஏஜெண்ட் சொன்னாரா என்று கேட்டோம். சொல்லவில்லை என்றான்.

போகத்தான் போகிறோம் என்கிறவர்களுக்குச் சில வார்த்தை. அந்தக் கல்லூரி வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் கிரைகோஸ் பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஜெண்டின் பெயர் கல்லூரி வெளியிட்டுள்ள பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 25 வாரத்துக்கு மேற்பட்ட படிப்பானால், தொடங்குமுன் பாதிக்கு மேல் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று கல்லூரி கட்டாயப்படுத்த முடியாது. கல்லூரி மூடினால், 2012-இல் ஏற்பட்ட கட்டணப் பாதுகாப்பு அமைப்பு மாற்று இடமோ, பயன்படுத்தாத கட்டணமோ பெற்றுத்தரும். குறைந்தபட்சக் கூலி விசாவில் இருப்பவனுக்கும் உண்டு. கூலித் திருட்டைப் பற்றிப் புகார் செய்கிறவனின் விசாவுக்கு 2024 ஜூலையிலிருந்து கூடுதல் பாதுகாப்பும் தந்திருக்கிறார்கள். இவற்றில் ஒன்றைக்கூட அந்தச் சுவரொட்டி சொல்லாது.

கிரயம் இப்போதைக்கு நின்றிருக்கிறது. பையன் இன்னும் முடிவு செய்யவில்லை, முடிவு அவனுடையது. தோழர்களே, தாய்மார்களே, உங்கள் வீட்டிலும் அப்படியொரு பிளாஸ்டிக் உறை இருக்கலாம். பத்திரத்தில் கைநாட்டு வைக்குமுன், நகையைக் கழற்றுமுன், ஞாயிற்றுக்கிழமை மாலை அதைச் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். தேநீர் தருவோம், சேர்ந்து கணக்குப் போடுவோம்.