சுவருக்குக் கொடுப்பதும் தாதிக்குக் கொடுப்பதும்

தென் இலண்டனில் சிடனம் என்னும் இடத்தில் உள்ள சென் கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸின் பெயரைச் சொன்னதும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் முகம் மாறிவிடுகின்றது. "அது சாகப் போறவையை விடுற இடமெல்லோ" என்பதுதான் முதற் பேச்சு. குறொய்டன், லூயிஷம், லம்பெத், சதக், புறொம்லி ஆகிய பகுதிகளின் மக்களுக்காக நடைபெறும் தரும ஸ்தாபனம் அது. அப்பகுதிகளிலே தமிழர் பெருந்தொகையாக வாழ்கின்றனர். ஆயினும் இந்நாட்டின் சிறுபான்மை இனத்தவர் ஹொஸ்பிஸ் சேவையைக் குறைவாகவே நாடுகின்றனர் என்பது வைத்திய உலகம் நெடுநாளாக அறிந்த விஷயம். தமிழரும் இதற்கு விலக்கல்லர்.

அந்த ஸ்தாபனத்தின் ஆரம்பமே ஒரு நன்கொடைதான். 1948ஆம் ஆண்டில் டேவிட் தஸ்மா என்னும் போலந்து நாட்டு யூதர் ஒருவர், உற்றார் உறவினர் எவருமின்றி இலண்டன் ஆஸ்பத்திரி ஒன்றிலே புற்றுநோயால் இறந்தார். அவரைப் பார்த்துப் பேசிவந்த சிசிலி சோண்டர்ஸ் என்ற பெண்மணிக்கு 500 பவுணை விட்டுச் சென்றார். அவர் கட்டப்போகும் இல்லத்திலே தாம் ஒரு யன்னலாக இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். முன்னர் தாதியாக இருந்த அப்பெண்மணி அதன்பின் வைத்தியம் படித்து 1957இல் வைத்தியரானார். இல்லம் திறக்கப்பட்டது 1967இல். யன்னலுக்குப் பணம் வந்து, அதைச் சுற்றி வீடு எழும்ப 19 ஆண்டுகள் சென்றன.

அவர் செய்த பெரிய காரியம் கட்டிடமன்று. நோவு வந்து நோயாளி கெஞ்சிய பின்னர் மருந்து கொடுப்பது அக்கால வழக்கம். நோவு தலைதூக்குமுன் நேரந் தவறாது மோபின் கொடுத்தால், நோயாளி தெளிந்த புத்தியோடு பிள்ளைகளுடன் பேசிக்கொண்டிருக்கலாம் என்பதை அவர் நிலைநாட்டினார். 1969இல் அந்த வைத்தியம் வீடுகளுக்கும் கொண்டு செல்லப்பட்டது. இன்று ஹொஸ்பிஸின் பராமரிப்பில் இருப்போரிற் பெரும்பாலார் தத்தம் வீட்டிலேயே இருக்கின்றனர். "கொண்டுபோய் விடுகிற இடம்" என்ற பேச்சு இதனை அறியாதார் பேச்சு.

நோயாளியிடம் ஒரு பென்ஸ் கூட வாங்குவதில்லை. அப்படியானால் பணம் எங்கிருந்து வருகின்றது? அரசாங்கம் கொடுக்கின்றது என்று எண்ணுவோர் பலர். உண்மை வேறு. இந்நாட்டில் வளர்ந்தோருக்கான ஹொஸ்பிஸ்களின் வருமானத்தில் அரசின் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று அளவே. மிகுதி முழுவதும் நன்கொடை, மரணசாசனக் கொடை, பழைய பொருள் விற்கும் கடைகளின் வருவாய் ஆகியவற்றால் வரவேண்டும். அலமாரியில் மடித்தபடி கிடக்கும் சேலை கூட அந்தக் கடையிலே தாதியின் சம்பளமாக மாறக்கூடும்.

சம்பளம் என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் பின்வாங்குவர். "சம்பளத்துக்கோ காசு கொடுக்கிறது? கட்டில் வாங்க, அறை கட்ட என்றால் தரலாம்" என்பர். கோயில் திருப்பணியிலே கல்லிற் பெயர் பொறித்துப் பழகிய மனம் அது. ஆனால் ஹொஸ்பிஸ் செலவிற் பெரும் பங்கு மனிதருக்குரியது. நள்ளிரவில் நோவு மிகும்போது தொலைபேசியில் மறுமொழி சொல்ல ஒரு தாதி வேண்டும். ஊசிமருந்தை மாற்ற வீட்டுக்கு வர இன்னொருவர் வேண்டும். அவர்களுடைய காருக்குப் பெற்றோலும் வேண்டும். இவற்றின்மேல் எவருடைய பெயரையும் பொறிக்க முடியாது.

அரசாங்கமும் இதே மனப்பான்மையைக் காட்டியிருக்கின்றது. 2024 டிசம்பரில் இங்கிலாந்தின் ஹொஸ்பிஸ்களுக்கு 10 கோடி பவுண் அறிவித்தது. நல்லதுதான்; ஆனால் அது கட்டிடத்துக்கும் உபகரணத்துக்கும் உரிய பணம், தாதிமாரின் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. 2025 ஏப்ரலிலோ தொழில் கொடுப்போர் செலுத்தும் தேசிய காப்புறுதியை நூற்றுக்கு 13.8இலிருந்து 15 ஆக உயர்த்தியது. தரும ஸ்தாபனங்களுக்கு விலக்களிக்கவில்லை. ஒரு கையாற் சுவருக்குக் கொடுத்து, மறு கையாற் சம்பளத்திலிருந்து எடுத்ததைப் போன்றது இது.

ஆகவே கொடுக்க விரும்பும் அன்பர்கள் இன்னதற்கென்று குறிக்காமற் கொடுப்பதே மேல். அறைக்கென்று கொடுத்த பணத்தை அறைக்கே செலவிட வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். தாதி இல்லாமல் அறை பூட்டிக் கிடந்தாலும், அப்பணத்தை நிர்வாகிகள் தம் விருப்பப்படி சம்பளத்துக்குத் திருப்ப முடியாது.

பணத்தைப் பற்றி மட்டும் பேசி நிறுத்துதல் நேர்மையாகாது. "அம்மாவுக்கு வருத்தத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம், டொக்டர்" என்று பிள்ளைகள் வைத்தியரைக் கதவுக்கு வெளியே மறிப்பது இந்நாட்டிலும் தொடர்கின்றது. அன்பினாலேதான் மறிக்கின்றனர். ஆனால் பெயரைச் சொல்லாதபடியால் ஹொஸ்பிஸையும் சொல்ல முடிவதில்லை. கடைசி நாட்களிலே, நோவு எல்லை கடந்த பிறகு, அவசர வண்டியில் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட நேர்கின்றது. மோபின் கொடுத்தால் உயிர் போய்விடும் என்ற பயம் வேறு. அளவறிந்து கொடுக்கும்போது அது உயிரைக் குறுக்குவதில்லை, நோவைத்தான் குறைக்கின்றது. மாதக்கணக்கில் ஆறுதலாக இருந்திருக்க வேண்டிய தாயார், பிள்ளைகளின் பொய்யைத் தாமும் அறிந்து, அறியாதவர் போல் நடித்து, நோவோடு போகின்றார்.

பெயர் கிறிஸ்தவப் பெயர்தான். ஸ்தாபகரும் பக்தி மிக்க கிறிஸ்தவர். ஆனால் முதல் யன்னலைத் தந்தவர் யூதர்; நோயாளியின் சமயத்தைப் பார்த்துச் சேர்ப்பதில்லை. பெற்றோரை இழந்த சிறு பிள்ளைகளுக்கு ஆறுதல் கூறும் "கண்டில்" என்னும் சேவையும் அங்கே 1998 முதல் நடக்கின்றது. அந்தியேட்டியோடு எல்லாம் முடிந்துவிட்டதாகப் பெரியோர் எண்ணும் வேளையில், பள்ளிக்கூடத்திலே பேச்சற்றிருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு தேவையென்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

திருவிழா உபயங்களைக் குறைக்கும்படி எவரும் கேட்கவில்லை. பெற்றோரின் திவசத்தன்று அன்னதானத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை அயலிலுள்ள ஹொஸ்பிஸுக்கு அனுப்பும் வழக்கத்தைச் சங்கங்கள் தொடங்கிவைக்கலாம். காசோலையோடு "கிப்ற் எய்ட்" படிவத்தில் ஒப்பமிட்டனுப்பினால், 100 பவுணுக்கு மேலும் 25 பவுணை அரசாங்கத்திடமிருந்து ஸ்தாபனம் பெற்றுக்கொள்ளும். இதிலே ஓர் எச்சரிக்கை: அந்த 25 பவுணுக்குக் குறையாத வரியைக் கொடுப்பவர் அவ்வாண்டில் செலுத்தியிருக்க வேண்டும், இல்லையேல் குறைந்த தொகையை அவரே கட்ட நேரிடும். வருமான வரி கட்டாத முதியோர் படிவத்தை விட்டுவிட்டுப் பணத்தை மட்டும் அனுப்புவார்களாக.