அந்தரங்கமும் ராஜாங்கமும்

1918-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் தேதி, புதுச்சேரியில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அஞ்ஞாதவாசம் இருந்த சுப்பிரமணிய பாரதியார், பிரெஞ்சு எல்லையைக் கடந்து ஆங்கில ராஜ்யத்தின் மண்ணில் அடி வைத்ததும் கடலூருக்கு அருகே கைது செய்யப்பட்டார். டிசம்பர் 14-ஆம் தேதி வரையில் கடலூர்ச் சிறையில் இருந்தார். இந்தச் சிறைவாசத்தை அறியாத தமிழர் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளும் சி.ஐ.டி. வேவுகாரர்கள் அவர் வீட்டையும் அவர் நண்பர்கள் வீட்டையும் காவல் காத்ததையும், வருவோர் போவோர் பெயர்களைக் குறித்துக்கொண்டதையும், அவருக்கு வந்த கடிதங்களும் மணியார்டர்களும் வழியிலேயே மடக்கப்பட்டதையும் நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. விடுதலை அளித்தபோதும் சர்க்கார் நிபந்தனை விதித்தே அளித்தது: அவர் திருநெல்வேலிச் சீமையில் வசிக்க வேண்டும், எழுதுவதைப் பிரசுரிக்குமுன் போலீஸ் இலாகாவின் பார்வைக்குச் சமர்ப்பிக்க வேண்டும். ஒரு மகாகவியின் கையெழுத்துப் பிரதியை, அதை விரும்பிப் படிக்கக்கூடிய எந்த வாசகனுக்கும் முன்னால், அவரைச் சந்தேகிப்பதையே உத்தியோகமாகக் கொண்ட ஒருவர் படித்துப் பார்த்தார் என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

அந்தக் கொதிப்பு நியாயமானது என்றால், அன்று கடிதம் பிரிக்க அதிகாரம் கொடுத்த சட்டம் பிற்பாடு என்ன ஆயிற்று என்று கேட்பதும் நியாயந்தான். 1898-ஆம் ஆண்டின் தபால் சட்டம், சுதந்திரம் வந்து முக்கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் உயிரோடு இருந்தது. அதற்கு மாற்றாக 2023-இல் இயற்றிய புதிய சட்டத்தின் 9-ஆம் பிரிவு, தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களைச் சொல்லித் தபாலில் செல்லும் எதையும் மடக்கவும் பிரிக்கவும் உத்தியோகஸ்தர்களுக்கு மீண்டும் அதிகாரம் அளிக்கிறது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் இருந்த ஒட்டுக்கேட்கும் அதிகாரமும் அவ்விதமே 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டத்துக்குள் குடி புகுந்திருக்கிறது. எஜமானர் மாறினார்; அதிகாரம் மாறவில்லை. இதைப் பார்த்துக்கொண்டு ஜன சமூகம் ஏன் சும்மா இருக்கிறது என்பதே என்னை நெடுநாளாக உறுத்திவரும் கேள்வி. அதற்கு விடையைப் பார்லிமெண்டில் தேடுவதற்கு முன், நம் வீடுகளிலும் வீதிகளிலும் தேட வேண்டியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ் ஏறுகிறவர், ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பக்கத்து ஆசனக்காரரிடம் தம் ஊரையும் உத்தியோகத்தையும் சொல்லியிருப்பார், புதுச்சத்திரம் வருவதற்குள் சம்பளம் எவ்வளவு, மகளுக்கு எப்போது கல்யாணம், ஏன் இன்னும் ஆகவில்லை என்கிற விசாரணை முடிந்திருக்கும், நேராகக் கேட்கக் கூசுகிற ஜாதியையுங்கூட, “நீங்க எந்தப் பக்கம்? அங்கே எந்தத் தெரு?” என்று சுற்றி வளைத்துத் தெரிந்துகொண்டிருப்பார்கள். இதை வெறும் துர்க்குணம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் கடல் பொங்கித் தேவனாம்பட்டினம் முதலான கடலோரக் கிராமங்களில் புகுந்தபோது, எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் ஒரு கிழவி இருக்கிறாள், எந்தக் குழந்தை எந்தத் தாயுடையது என்பதை அண்டை அயலார் அறிந்திருந்ததே பெரிய உதவியாக இருந்தது. 2011 டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் இந்த ஜில்லாவைச் சூறையாடியபோதும் சர்க்காருக்கு முன்னால் வந்து நின்றவர் பக்கத்து வீட்டுக்காரர். ஒருவர் சுக துக்கத்தை மற்றவர் அறிந்திருப்பது நம் ஜீவனத்தின் ஆதாரங்களில் ஒன்று.

ஆயினும், இந்தப் பழக்கத்தில் நமக்கு ஒரு பெரிய மயக்கம் இருக்கிறது. அன்பினால் கேட்பதற்கும் அதிகாரத்தினால் கேட்பதற்கும் உள்ள பேதத்தை நாம் மறந்துபோனோம். பஸ்ஸில் கேட்டவரிடம் நாமும் திருப்பிக் கேட்கலாம். பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவும் செய்யலாம். மகனுடைய கைப்பேசியை இரவில் எடுத்துப் பார்க்கும் தகப்பனாரிடமும், மனைவிக்கு வந்த கடிதத்தைத் தாம் முதலில் பிரிக்கும் கணவரிடமும், விடுதியில் மாணவியின் பெட்டியைச் சோதிக்கும் காப்பாளரிடமும் அந்தச் சௌகரியம் இல்லை. “மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் எதற்கு?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிறார்கள். தனக்கென்று ஒரு மூலை வேண்டும் என்று கேட்கும் பெண்ணுக்கு, வீட்டில் கிடைக்கும் முதல் பதில் சந்தேகமே.

ஆருத்ரா தரிசனத்துக்குக் கூட்டம் சேரும் மார்கழியில் சிதம்பரத்து விடுதிகளின் முன்கூடத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். மேஜைமேல் நீளமான ஒரு பதிவேடு விரிந்து கிடக்கும். பெயர், தகப்பனார் பெயர், விலாசம், கைப்பேசி எண், வந்த காரியம் என்று பத்திகள்; தம் பெயரை எழுதக் குனிகிறவர், முன்னால் வந்தவர்கள் அத்தனை பேரின் விவரத்தையும் படித்துக்கொண்டே எழுதலாம். ஆதார் அட்டையின் நகல் ஒன்று அதன் ஓரத்தில் குத்தப்படும். அந்த நகலை எடுக்கும் ஜெராக்ஸ் கடையிலோ, மை பிசகிய பிரதிகள் காலடியில் ஒரு கூடையில் குவிந்திருக்கும். படமும் எண்ணும் பிறந்த தேதியும் தெளிவாகத் தெரியும் அந்தத் தாள்கள் எடைக்குப் போய், மறு வாரம் பஜ்ஜி மடிக்கும் காகிதமாகத் திரும்பி வருவதை நான் கண்டிருக்கிறேன். கடைக்காரர்மீது எனக்குக் கோபமில்லை. “அதையும் கிழித்துப் போடுங்கள்” என்று சொல்ல வாடிக்கைக்காரருக்கே தோன்றுவதில்லை என்பதுதான் என் விசாரம்.

ஊரின் கண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த ஜில்லாவிலேயே மறக்கலாகாத சாட்சி ஒன்று உண்டு. விருத்தாசலத்துக்கு அருகில் உள்ள புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ரசாயனப் பொறியியல் படித்த ஒரு தலித் இளைஞரும், அதே ஊரில் வேறு ஜாதியில் பிறந்த ஒரு பெண்ணும், 2003 மே மாதத்தில் கடலூர்ப் பதிவு அலுவலகத்தில் எவருக்கும் தெரியாமல் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். அவர்கள் உலகத்திடம் யாசித்தது ஒன்றே: தங்கள் சங்கதி கொஞ்ச காலம் தங்களுக்குள் இருக்க வேண்டும் என்பது. சங்கதி வெளிப்பட்டது. இளைஞரின் உறவினரைப் பிடித்து வதைத்து இருப்பிடத்தை அறிந்துகொண்டார்கள்; ஜூலை 8-ஆம் தேதி இருவரையும் ஊருக்குக் கொண்டுவந்து, விஷம் புகட்டிக் கொன்று, உடல்களை எரித்தார்கள். உள்ளூர்ப் போலீசார் இதை மூடி மறைத்தார்கள். விசாரணை சி.பி.ஐ. வசம் போய், 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் தண்டிக்கப்பட்டவர்களுள் போலீஸ் அதிகாரிகளும் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் குற்றத் தீர்ப்பை உறுதி செய்தது.

அந்தரங்கம் என்பது படித்த பணக்காரரின் ஆடம்பரம் என்று சொல்லுகிறவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். அந்த இருவருக்கும் ரகசியம் என்பது உயிருக்குக் காப்பு. ஆதார் வழக்கில் மத்திய சர்க்காரின் தலைமை வழக்கறிஞர், அந்தரங்கம் இந்தியப் பிரஜைக்கு அடிப்படை உரிமையே அன்று என்று 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் வாதித்தார். ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த அந்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்த வாதத்தைத் தள்ளி, அந்தரங்கம் அரசியல் சாசனம் காக்கும் அடிப்படை உரிமை என்றார்கள். ஏழைக்கு வேண்டியது சோறு, அந்தரங்கம் அன்று என்கிற எண்ணத்தையும் அத்தீர்ப்பு ஏற்கவில்லை. என் வரையில், சுதந்திர இந்தியாவின் நியாயஸ்தலங்கள் வழங்கிய மேலான தீர்ப்புக்களில் அது ஒன்று. ஆனால் தீர்ப்பு வந்த பிறகும் உளவு ஸ்தாபனங்களின் வாசலில் ஒரு துரும்பும் அசையவில்லை.

ஐ.பி. என்று வழங்கும் மத்திய உளவுத்துறை 1887-இல் ஆங்கிலேயர் தொடங்கியது. வெளிநாட்டு உளவுக்கான ‘ரா’ 1968-இல் ஏற்பட்டது. இவ்விரண்டின் அதிகாரம் இன்னது, எல்லை இன்னது என்று வகுத்துப் பார்லிமெண்ட் இயற்றிய சட்டம் இன்றுவரை இல்லை. நெருக்கடி நிலைக்குப் பின் ஜனதா சர்க்கார் இந்த விஷயத்தை ஆராய எல். பி. சிங் தலைமையில் ஒரு குழுவை வைத்தது. பலன் ஒன்றும் விளையவில்லை. கார்கில் போருக்குப் பிறகு கே. சுப்பிரமணியம் குழுவும், 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரமும் செய்ய முனைந்த சீர்திருத்தங்கள் ஸ்தாபனங்களின் கூர்மையைப் பெருக்குவதை நோக்கமாகக் கொண்டவை. தேசியப் புலனாய்வு முகமை சட்டப்படி பிறந்தது என்பது உண்மை. ஆனால் பலவகைத் தகவல் பெட்டகங்களையும் ஒரே சாவியால் திறக்கும் நாட்கிரிட் அமைப்புக்குத் தனிச் சட்டம் கிடையாது. 2012-இல் தேசியப் பயங்கரவாத எதிர்ப்பு மையத்தை ஜெயலலிதா உள்ளிட்ட முதலமைச்சர்கள் எதிர்த்தபோதும், பெரும்பாலும் மாநிலத்தின் உரிமையே பேசப்பட்டது. பிரஜையின் உரிமைக்கு வாதாட ஆள் இல்லை. 2011-இல் மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா ஒன்று உளவு ஸ்தாபனங்களைச் சட்டத்துக்குள் அடக்கப் பார்த்தது. அது சட்டமாகாமலே போயிற்று.

தொலைபேசியை ஒட்டுக்கேட்க இன்று உத்தரவு தருகிறவர் உள்துறைச் செயலாளர். அதைப் பரிசீலிக்கும் குழுவிலும் செயலாளர்களே அமர்ந்திருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் அந்தக் குழு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது என்று நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் எழுதிற்று. இதற்குப் பரிசீலனை என்று பெயர் வைப்பது பொருந்தாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலையில் ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். பொது நெருக்கடியோ பொதுமக்கள் பாதுகாப்போ சம்பந்தப்படாத ஒரு லஞ்சப் புகாருக்காக 2011-இல் பிறந்த உத்தரவு அது. கேட்டுப் பதிந்த விஷயங்கள் பரிசீலனைக் குழுவின் முன் வைக்கப்படவுமில்லை. வழக்கு நடத்த இயன்றவருக்கே நியாயம் கிடைக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. தம் பேச்சு கேட்கப்பட்டது என்பதையே அறியாதவர் எந்த நியாயஸ்தலத்தின் படியேறுவார்?

பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லுகிறவன் நான் அல்லேன். பகைவர் உண்டு, பயங்கரவாதம் உண்டு, ஒற்றர்களும் வேண்டும். ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொன்னார். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால் மட்டுமே நம்பச் சொன்னார். முடியரசுக்கே அத்தனை கட்டுக்காவல் வேண்டும் என்றால், குடியரசுக்கு அதனினும் அதிகம் வேண்டாமா? நமக்குத் தபால் சட்டத்தையும் தந்திச் சட்டத்தையும் கொடுத்துவிட்டுப் போன பிரிட்டனே, தன் உள்நாட்டு உளவு ஸ்தாபனத்தை 1989-லும் வெளிநாட்டு உளவு ஸ்தாபனத்தை 1994-லும் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்து, பார்லிமெண்ட் அங்கத்தினர் குழு ஒன்றையும் மேற்பார்வைக்கு வைத்தது. 2016-இல் இயற்றிய சட்டப்படி, ஒட்டுக்கேட்கும் உத்தரவுக்கு மந்திரியின் கையெழுத்தோடு நீதித்துறை ஆணையரின் சம்மதமும் தேவை. அங்கே தேசம் மூழ்கிவிடவில்லை. இங்கேயோ, 2021-இல் பெகாசஸ் வேவுக் கருவி பற்றிப் புகார் எழுந்தபோது, தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சர்க்கார் விவரமான பிரமாணப் பத்திரம் தர மறுத்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த ரவீந்திரன் குழுவுக்கும் ஒத்துழைப்புத் தரவில்லை என்று அன்றைய தலைமை நீதிபதி திறந்த மன்றத்தில் சொல்ல நேர்ந்தது.

செய்ய வேண்டியது புரியாத காரியம் இல்லை. உளவு ஸ்தாபனம் ஒவ்வொன்றுக்கும் பார்லிமெண்ட் சட்டம் இயற்றி எல்லை வகுக்க வேண்டும். கடிதம் பிரிப்பதற்கும் தொலைபேசி கேட்பதற்கும் நீதிபதி ஒருவரின் முன் அனுமதி வேண்டும். அவசரமானால் பின்னால் வந்தேனும் அவரிடம் காரணம் சொல்ல வேண்டும். எதிர்க்கட்சியினரும் இடம்பெறும் பார்லிமெண்ட் குழு ஒன்று அவற்றின் கணக்கையும் காரியத்தையும் கேட்க வேண்டும். விசாரணை முடிந்து குற்றமில்லை என்று ஆனபின், சம்பந்தப்பட்டவருக்கு அதைத் தெரிவிக்கவும் வேண்டும். ஜனங்களுக்கு அந்தரங்க உணர்ச்சி குறைவாயிருக்கிறது என்பதை இந்தச் சட்டங்களைத் தள்ளிப்போடச் சாக்காகச் சொல்லுவது பெரிய அநியாயம். தீண்டாமை நம் ஜனங்களுக்குப் பழகிப்போனது என்பதற்காக அரசியல் சாசனம் அதை ஒழிக்காமல் காத்திருக்கவில்லை.

கடலூரும் சிதம்பரமும் தனித்தனியே பார்லிமெண்ட் தொகுதிகள். அடுத்த தேர்தலில் வோட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவர் எந்தக் கட்சிக்காரராயினும், “உளவுத்துறைக்குச் சட்டம் வேண்டும் என்று சபையில் எழுந்து கேட்பீரா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு உள்ளே போகும்போது, மகள் பெயருக்கு வந்த கடிதம் மேஜைமேல் கிடந்தால், பிரிக்காமல் அவள் கையில் கொடுங்கள்.