யாரை நோக்கிப் பறக்கும் படை?

ஒரு நாட்டின் விமானப்படை எவருக்கு அஞ்சி அமைக்கப்பட்டது என்பதை அறிய அமைச்சர்களின் மேடைப் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. அப்படையின் அணிகளைப் பார்த்தாற் போதும். எந்த அணி எந்த ஆண்டிற் பிறந்தது, எவ்வகை விமானம் பெற்றது, எவர் மீது ஏவப்பட்டது என்பவற்றுக்கு விடை கண்டால் ஆட்சியாளரின் உள்ளம் விளங்கிவிடும். இலங்கை விமானப்படையை இவ்விதம் ஆராய்வது, அதற்கு வரி கொடுக்கும் நமக்கு உரிமையும் கடமையுமாகும்.

1951 மார்ச் 2ஆம் நாள் ‘றோயல் சிலோன் விமானப்படை’ தோன்றியது. முதற் தளபதியாக வந்தவர் பிரித்தானியரான குறூப் கப்டன் பிளேடன். கையிலிருந்தவை சிப்மங்க் என்னும் சிறு பயிற்சி விமானங்கள். கட்டுநாயக்காவிலும் சீனன்குடாவிலும் வெள்ளையரே காவலிருந்தனர். 1957இல் அவர்கள் தளங்களை ஒப்படைத்துச் சென்றார்கள். 1959இல் ஜெற் புறொவோஸ்ற் விமானங்கள் 12 வந்து சேர்ந்தன. 1962இல் றொஹான் அமரசேகர முதலாவது இலங்கைத் தளபதியானார்.

அந்த ஜெற் விமானங்கள் முதன்முதலாகச் சுட்டது எந்த அந்நியப் பகைவனை? எவனையுமன்று. 1971 ஏப்ரலில் தென்னிலங்கைச் சிங்கள இளைஞர் கிளர்ந்தெழுந்தபோது, சீனன்குடாவில் உபயோகமின்றி மூடிக் கிடந்த ஜெற்கள் வெளியே இழுக்கப்பட்டு இந்நாட்டுப் பிள்ளைகள் மீதே ஏவப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரிலே தமக்குள் போர் புரிந்த இந்தியாவும் பாகிஸ்தானும் அந்த ஏப்ரலில் ஒருமனப்பட்டு ஹெலிகொப்டர்கள் அனுப்பின! சோவியத் நாடு மிக்-17 விமானங்கள் தந்தது. கிளர்ச்சி அடங்கிய பின்னர் படைக்குப் பணமில்லை. ஹெலிகொப்டர் அணி ‘ஹெலிடூர்ஸ்’ என்ற பெயரில் வெள்ளைக்கார உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சம்பாதித்தது. நகைப்பவர் நகைக்கட்டும். அந்த விமானங்களின் இரைச்சல் கேட்டு எந்தத் தாயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடியதில்லை.

அந்த ஓட்டம் பின்னர் வந்தது. 1983க்குப் பின் அணிகள் பெருகிய விதத்தைக் காண்க. 1991இல் 5ஆம் இலக்க ஜெற் அணிக்குச் சீனத்து எவ்-7. 1995இல் மி-24 தாக்குதல் ஹெலிகொப்டர்களுடன் 9ஆம் இலக்க அணி. 1996இல் இஸ்ரேலின் கிபிர், 10ஆம் இலக்க அணிக்கு. 2000இல் மிக்-27. இவற்றுள் எதுவும் எந்த அந்நிய நாட்டு விமானத்தையும் எதிர்த்துச் சுட்டதில்லை. 1987 ஜூன் 4ஆம் நாள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு இந்தியாவின் ஐந்து அன்ரனோவ் விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. இத்தீவின் வான் எல்லையைப் பகிரங்கமாகத் தாண்டிய அந்த விமானங்களை எதிர்த்து இலங்கை விமானம் ஒன்றும் எழவில்லை. எழாதது நல்லதே. ஆனால் 1995 ஜூலை 9ஆம் நாள் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனரே, அவர்கள் எந்த எல்லையைத் தாண்டினார்கள்?

2009 மே மாதத்துடன் போர் முடிந்தது. போருக்கெனப் பிறந்த அணிகளுக்குப் பின்னர் என்ன வேலை என்று நாடாளுமன்றம் தீர ஆராய்ந்ததா? 2021இல் ஐந்து கிபிர் விமானங்களைப் புதுப்பிக்க ஏறக்குறைய 5 கோடி டொலருக்கு இஸ்ரேலிய நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அதே ஆண்டிலேதான் இரசாயன உர இறக்குமதியும் தடைசெய்யப்பட்டது. நெற்கதிர் பதராகிப்போன வயலைப் பார்த்து நின்ற விவசாயிக்கு இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதா? மறு ஆண்டு ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அரசே கைவிரித்தது.

2025 நவம்பரில் டித்வா புயல் வீசியது. வெள்ளத்தின் நடுவே கூரைகளில் நின்றவர்கள் அண்ணாந்து தேடியது கிபிரையா? ஹெலிகொப்டரையே தேடினார்கள். விமானப்படையின் ஓட்டிகள் அன்று ஆற்றிய தொண்டை மறுப்பது நன்றியீனம். இந்திய ஹெலிகொப்டர்களும் வந்துதான் அவ்வேலை நடந்தது. ஆகவே நாம் கேட்பது படையைக் கலைக்கும்படியன்று. போக்குவரத்து, ஹெலிகொப்டர் அணிகளை வளர்த்து, குண்டுவீச்சு ஜெற் அணிகளுக்கான செலவை ஒடுக்கும்படியே.

பலாலியைப் பற்றியும் ஒரு சொல். உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியர் அமைத்த ஓடுபாதை அது. சுதந்திரத்தின் பின் நம்மவர் அங்கிருந்து சென்னைக்கும் இரத்மலானைக்கும் பறந்தனர். பின்னர் அது போர்த்தளமாயிற்று. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறினார்கள். 2019 அக்டோபரில் அதற்கு யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று பெயர் சூட்டினர். பெயர் மாறியது, ஆனால் அதனைச் சூழ்ந்த செம்மண் காணிகளில் ஒரு பகுதியை முப்படைகளும் இன்னும் விடவில்லை. வெங்காயமும் புகையிலையும் விளைந்த மண் அது. ஓடுபாதைக்கு மெய்யாகவே எவ்வளவு நிலம் தேவையென்று நில அளவைத் திணைக்களம் அளந்து, வரைபடத்தை உரிமையாளர் முன் விரிக்கட்டும். எஞ்சிய காணியை உறுதி வைத்திருப்பவர்களிடம் அடுத்த மாரிப் பயிருக்கு முன் ஒப்படைக்கட்டும்.