மிதிவண்டிச் செலவும் தங்கலூரும்

விடுமுறை வருமுன்னரே விடுதி அறைகளில் வழக்கொன்று எழுந்துவிடுகின்றது. மிதிவண்டியேறிச் சின்னாள் ஊர்காணப் புறப்படுவோர் நாடோறும் ஓரூரில் உறங்கி மறுநாள் வேறோர் ஊருக்குப் பெயர்தல் நன்றோ, அன்றி ஓரூரையே தங்கலாகக் கொண்டு நாளுக்கொரு திசையாகச் சென்று மீள்தல் நன்றோ என்பதே அவ்வழக்கு. தார்ச்சாலையை விடுத்துச் சரளையும் செம்மண்ணும் கிடக்கும் பாதைகளையே நாடுவோர்க்குப் பின்னதே தக்கது என்பது எம் துணிபு. செலவு என்னுஞ் சொல் பழந்தமிழில் பயணத்தையும் இற்றைத் தமிழில் பணம் கழிதலையும் குறிக்கும். எம்போன்ற விடுதி மாணாக்கர்க்கு இவ்விரு பொருளும் ஒன்றே யாதலின், இதனை நன்கு ஆராய்தல் வேண்டும்.

இத்துணிபு எமக்கு நூல்வழி வந்ததன்று. சென்ற ஆண்டு யாம் ஐவர் தூத்துக்குடியிலிருந்து கடலோரமாகக் கன்னியாகுமரிக்கு நான்கு நாட் செலவு மேற்கொண்டோம். இரவு தோறும் தங்குமிடத்திற்கு முன்பணம் கட்டியிருந்தோம். எம்முள் ஒருவர் தம் மாமனாரிடம் இரவல் வாங்கிய பழைய வண்டியில் வந்தார். கனத்த வண்டி, மெல்லிய டயர். மணற்பாங்கான இடங்களில் அவர் இறங்கி இறங்கித் தள்ள நேர்ந்தது. மூன்றாம் நாட் காலை அவருக்குச் சுரம் கண்டது. அடுத்த ஊரில் அறைக்குக் கட்டிய பணம் போய்விடுமே என்று எண்ணிய யாம், அவரையும் அவர் வண்டியையும் ஒரு பேருந்தில் ஏற்றித் தனியே ஊருக்கு அனுப்பிவிட்டு மேற்சென்றோம். அவர் இதுகாறும் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லிற்றிலர். அன்று மாலை கடல் மிக அழகாயிருந்தது. எனினும் எம்முள் ஒருவரும் படமெடுக்கவில்லை.

ஓரூரில் தங்கியிருந்தோமாயின் நிகழ்ந்திருப்பது யாது? அவர் பகலெல்லாம் அறையில் உறங்கியிருப்பார். மாலையில் யாம் கஞ்சியோடு மீண்டிருப்போம். மறுநாளோ அதற்கு மறுநாளோ அவர் எம்முடன் வந்திருப்பார். குழுவில் மெலிந்தவரை விட்டுச் செல்லுமாறு நம்மை நெருக்கும் ஏற்பாடு எதுவாயினும் அதன்கண் பிழையுண்டு என்றே இப்பொழுது கருதுகின்றோம். மெலிந்தவர் இவராயிருந்தார், அடுத்த முறை யாவரோ, யாரறிவார்?

சரளைப் பாதைச் செலவிற்கு இஃது இன்னும் பொருந்தும். ஆங்கிலத்தார் கிராவல் என்பதைத் தென்பாண்டிச் சிற்றூரார் சரள் என்பர். சரளில் ஓடுதற்கென்றே இக்காலத்து வண்டிகள் செய்யப்படுகின்றன. பந்தய வண்டியைப்போல் வளைந்த கைப்பிடியும், 40 மில்லிமீட்டர் அளவில் அகன்ற டயரும் உடையன. அமெரிக்க நாட்டுக் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்னும் ஊரைச் சுற்றிய கற்பாதைகளில் 2006 முதல் 200 மைல் போட்டி நிகழ்ந்து வருகின்றது. 2022இல் இத்தாலியின் வெனெட்டோ நாட்டில் இதற்கு முதல் உலகப் போட்டியும் நடந்தது. இவற்றினும் எம் கருத்தைக் கவர்ந்தது எசுப்பானியத்தில் கத்தலோனியப் பகுதியிலுள்ள ஜிரோனா என்னும் ஊர். பன்னாட்டு வீரர் பலர் அவ்வூரையே உறைவிடமாகக் கொண்டனர். அவரைக் கண்டு பிறரும் அங்கே அறையெடுத்துத் தங்கி, நாளுக்கொரு வழியாக மலைப்புறத்துச் சரளைப் பாதைகளிற் சென்று மீள்கின்றனர். விலையுயர்ந்த வண்டியுடையோரே ஓரூரில் தங்குகின்றாராயின், இரவல் வண்டியுடைய நமக்கு யாது குறை?

தார்ச்சாலையில் இத்துணை நாழிகைக்கு இத்துணைத் தொலைவு என்று கணக்கிட்டு விடலாம். சரளில் அக்கணக்குச் செல்லாது. பத்துக் கிலோமீட்டர் ஒருபொழுது முக்கால் மணியிற் கழியும். ஒருபொழுது புதைமணலும் உடைமுள்ளும் சேர்ந்து இரண்டு மணியை விழுங்கும். உடைமுள்ளின் கொடுமையை அதன்மேற் சென்றாரே அறிவர். ஒரே காலையில் மூன்று பஞ்சர் ஒட்டியதுண்டு. இரவுக்குள் இன்ன ஊர் சேர்ந்தே தீரல் வேண்டும் என்பார்க்கு இஃது அச்சம். வந்த வழியே திரும்பி வீடடையலாம் என்பார்க்கு இது வெறும் தாமதமே. மேலும், துணிமூட்டையைச் சுமந்த வண்டி மணலில் இருமடங்கு புதையும். தங்கலூரில் மூட்டையை வைத்துவிட்டால் நீரும், மாற்றுக் குழாயும், காற்றடிக்கும் பம்பும் மட்டும் கொண்டு போதல் கூடும்.

இனித் தங்கலூரைத் தேர்தல் எங்ஙனம்? எமக்கு நன்கு தெரிந்த தேரிக்காட்டையே எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பாலில் காற்றுக் குவித்த செம்மணல் மேடுகள் கடலுக்கு அணித்தே கிடக்கின்றன. இரும்பின் துருவேறிச் சிவந்த மணல் அது. மாலை வெயிலில் தழல்போலத் தோன்றும். மேட்டின்மேல் எவ்வண்டியும் ஓடாது. ஆயின் அதன் விளிம்பைச் சுற்றிப் பனைகளினூடே செல்லும் இறுகிய செம்மண் தடங்களும், ஊர்களை இணைக்கும் சரள் பாதைகளும் மிதிவண்டிக்கென்றே அமைந்தன போல்வன.

இங்கே தங்குவோம் என்றவுடன் எல்லார் வாயினும் வருவன திருச்செந்தூரும் மணப்பாடுமே. மணப்பாட்டின் எழிலை யாம் மறுக்கவில்லை. 1542இல் இக்கரைக்கு வந்த தூய சவேரியாரின் நினைவு தாங்கிய குகையும், குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயிலும் ஒரு முழுநாளுக்குத் தகுவன. ஆயினும் கடற்கரையூரைத் தங்கலாகக் கொள்வோர் ஒன்றை மறக்கின்றனர். தங்கலூரைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தால் அதிற் பாதி கடலாகிவிடும். மிதிவண்டி கடலிற் செல்லாது. மூன்றாம் நாளே பழைய வழியில் மீண்டும் போக நேரும். பிறகு ஓரூர்த் தங்கலே சலிப்பென்று பழி கூறுவர். திருச்செந்தூருக்கும் இக்குறையுண்டு, அன்றியும் தைத்திங்களில் அங்கே செல்லும் சாலைகளெல்லாம் பாதயாத்திரை அடியார் நிறைந்திருப்பர். அவர் நடுவே மணியடித்துக்கொண்டு செல்லுதல் நாகரிகமன்று. அறை கிடைப்பதும் அரிது. நாசரேத்திற்கு 1923இல் திறந்த திருநெல்வேலி–திருச்செந்தூர் இருப்புப்பாதை வசதியுண்டு. ஆனால் அது தேரிக்கு வடபால் ஒதுங்கியுள்ளது.

ஆகவே யாம் சாத்தான்குளத்தையே தேர்கின்றோம். 2020இல் தந்தையும் மகனும் காவலில் பட்ட கொடுமையால் மாண்ட செய்தியாலேயே அவ்வூர்ப் பெயரைக் கேட்டோர் பலர். அதனை மறத்தல் கூடாது. எனினும் ஓர் ஊரை அச்செய்தியொன்றாலேயே அறிந்து அமைதலும் முறையன்று. வட்டத்தின் தலைமையூராதலின் மருத்துவமனையும் உணவகமும் மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையும் உண்டு. கடல் எத்திசையிலும் தொலைவிலேயே உள்ளது. வரைபடத்தில் 25 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம் வரைந்து பாருங்கள். கிழக்கே 192 அடி உயரக் கோபுரமுடைய மெய்ஞ்ஞானபுரத்து ஆலயம். பனங்காட்டினின்று வெளிப்படும்போது நெடுந்தொலைவிலேயே அக்கோபுரம் கண்ணுக்குப் படும். பெயரிலேயே வரலாறு பொதிந்த, 1799இல் கிறிஸ்தவர்க்கென அமைந்த முதலூர் அணித்தேயுள்ளது. மழைநீர் தேங்கும் வைரவன் தருவையும் புத்தன் தருவையும் பறவை காண்பார்க்கு விருந்து. தமிழ் பயில்வார் வட்டத்திற்குச் சற்றே அப்பாலுள்ள கொற்கைக்கும் ஒருநாள் விடியலிற் புறப்படலாம்.

தெற்கே இடையன்குடி. அங்கே செல்லும் நாளை யாம் விரைந்து கழிக்க இசையோம். சென்னையிலிருந்து நீலகிரி வழியாகக் கால்நடையாகவே வந்து 1841இல் அச்சிற்றூரை அடைந்த கால்டுவெல் ஐயர், நாற்பது ஆண்டிற்கு மேல் அதனையே தம் இருப்பிடமாகக் கொண்டார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. அவர் எழுப்பிய ஆலயம் 1880இல் திருநிலைப்படுத்தப் பெற்றது. 1891இல் கொடைக்கானலில் மறைந்த அவருடல் இடையன்குடி ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றது. நெடுந்தொலைவு நடக்க வல்ல ஒருவர் ஓரூரில் ஊன்றி நின்று சுற்றுப்புறத்தை அறிந்தார். நான்கு நாள் விடுமுறைக்கு அவரைச் சான்று காட்டுதல் மிகையென்று நகைப்பாரும் இருப்பர், நகைக்கட்டும்.

செக்கிற் கட்டிய மாட்டைப்போல் ஒரிடத்தையே சுற்றுவதோ என்று நண்பர் சிலர் வினவுவர். நாள்தோறும் ஊர்புகும் கடைசி இரண்டு கிலோமீட்டர் ஒன்றாகவே இருக்கும் என்பது உண்மைதான். ஆயினும் முதல் நாள் நம்மைப் புதியராகப் பார்த்த தேநீர்க்கடைக்காரர் மூன்றாம் நாள் எப்பாதையில் சரள் கொட்டியிருக்கின்றனர், எவ்வோடையில் நீர் நிற்கின்றது என்று தாமே கூறத் தொடங்குவார். இவ்வறிவு எவ்வரைபடத்திலும் இல்லை. நாளுக்கோர் ஊர் மாறுவார்க்குக் கிட்டுவதும் இல்லை. கன்னியாகுமரியை அடைந்தோம் என்னும் பெருமை வேண்டுவோர்க்கு மட்டும் எம் வழி பயன்படாது.

காலம் குறித்து ஒரு சொல். கிறிஸ்துமஸ் விடுமுறை கைக்கு எளிதெனினும் மார்கழி மழையை நம்புதற்கில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் ஒருநாட் பொழுதில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை பெய்து நாடு வெள்ளக்காடானதை அறிவீர்கள். கோடையிற் பதநீர் கிடைக்கும். ஆயின் செம்மணலின் வெம்மை பதநீரால் தணிவதன்று. பொங்கல் விடுமுறையே எமக்குப் பொருந்துகின்றது. காற்றின் போக்கைக் காலையிற் பார்த்து, முற்பகலில் எதிர்காற்றில் சென்று, களைத்த பிற்பகலில் அது பின்னிருந்து உந்த மீளலாம். ஓரூரில் தங்குவார்க்கே திசையை இங்ஙனம் அன்றன்று மாற்றிக்கொள்ளும் உரிமையுண்டு.

வரும் தைக்கு நான்கு இரவுகளுக்கு ஓரறை பேசுவதாக உள்ளோம். சென்ற ஆண்டு பேருந்தேறிய நண்பரும் வர இசைந்துள்ளார். அவர் வண்டிக்கு அகன்ற டயர் பொருந்துமா என்று சைக்கிள் கடையில் கேட்டதில், பின்சக்கரத்திற்குப் பொருந்தும், முன்சக்கரத்தில் மட்டும் மட்காப்பைக் கழற்றவேண்டும் என்றனர். கழற்றியாயிற்று.