'டெம்ப்' என்று ஒரு ரூல்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம் மக்களே. பூனாவில் பொட்டி தட்டுகிறேன் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் பொட்டிக்குக் காவல் வைக்கிற வேலை. கம்பெனிகளுக்கு ஃபயர்வால் போட்டுக் கொடுத்து, அதை மேய்ப்பது.

'நெக்ஸ்ட் ஜெனரேஷன் ஃபயர்வால்' என்றால் என்ன என்று கார்ட்னர் 2009-லேயே வரையறுத்து எழுதிவிட்டார்கள். பழைய ஃபயர்வால் நம்ம சொசைட்டி வாட்ச்மேன் மாதிரி. எந்த ஃப்ளாட் என்று மட்டும் கேட்பார். புதுசு, வந்தவன் யார், பைக்குள் என்ன என்றும் பார்க்கும். ஆனால் ஒன்று, பார் என்று ஒவ்வொரு ரூலிலும் நாம் சொல்லி வைத்தால்தான் பார்க்கும்.

சாகன் பக்கம் ஒரு சின்ன ஃபேக்டரி. ஒரு சனிக்கிழமை ராத்திரி சாஃப்ட்வேர்காரருக்கு அவசரமாக சர்வருக்குள் போக வேண்டுமாம். ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389-ஐ எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்துவிட்டேன். சோதனை எதுவும் சேர்க்கவில்லை. பக்கத்தில் 'டெம்ப்' என்று எழுதினேன். திங்கட்கிழமை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எந்தத் திங்கட்கிழமை என்றுதான் எழுதவில்லை.

எட்டு மாதம் கழித்து, தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, ரான்சம்வேர். சம்பளக் கணக்கு முழுக்கப் பூட்டு. பேக்கப் மூன்று வாரம் பழசு. லாக் பெட்டிக்குள்ளேயே இருந்ததால் பழசெல்லாம் அழிந்து, எப்போது நுழைந்தான் என்றே தெரியவில்லை. 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல், 180 நாள் லாக் வை என்று செர்ட்-இன் 2022-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. நாங்கள் படித்திருந்தோம். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் கேட்டருகே ஒரு தொழிலாளி கேட்டார், "சாஹேப், போனஸ் கதீ?" போனஸ் எப்போது என்று. என்னிடம் பதில் இல்லை. பண்டிகை முடிந்துதான் கொடுத்தார்கள். முதலாளி பெட்டியைத் திட்டினார். பெட்டி ஒரு தப்பும் செய்யவில்லை, சொன்னதைச் செய்தது.

என் கட்சி இதுதான். பெட்டிக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறவர்கள், மாதம் ஒரு நாள் அதை உட்கார்ந்து பார்க்கிற ஆளுக்குக் கொடுக்க யோசிக்கிறார்கள். "சப் சலேகா" என்கிறார்கள். நாமும் தலையாட்டுகிறோம். ரூல் ஒவ்வொன்றுக்கும் கேட்டவர் பேர், முடியும் தேதி இருக்க வேண்டும். தேதி வந்தால் தானாகச் செத்துப்போகிற வசதி பல பெட்டிகளில் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர் விபிஎன், ஓடிபி தாண்டித்தான் வர வேண்டும். லாக் வேறிடத்தில் இருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் தேதி போடாமல் நான் ரூல் எழுதுவதில்லை. டேமேஜர் அவசரப்படுத்தினாலும் சரி.

உங்கள் ஆபீசிலும் ஒரு 'டெம்ப்' உட்கார்ந்திருக்கும். நாளைக்குப் போனதும் தேடிப் பாருங்கள். என்ன நான் சொல்றது? :-)