பனிக்காலத்தில் ஆகாய கங்கை

அருவி என்றாலே நமக்கு ஆனி, ஆடி நினைவுதான். குற்றாலம் பழக்கிவிட்ட நினைவு அது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தைத் தாண்டிவந்து சாரலாக விழும் இடங்களுக்கு அந்தக் கணக்கு சரி. தமிழ்நாட்டுக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கு அது அப்படியே பொருந்தாது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழையை வாங்கி வைத்துக்கொள்கிறது. மழை ஓய்ந்து வானம் வெளுத்த பிறகு, மார்கழியிலும் தையிலும் அந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. அங்குள்ள ஆகாய கங்கை அருவியைப் பார்க்க அதுதான் காலம். ஆடிப்பெருக்கன்று அங்கே, அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு விழா நடக்கும். அப்போது கூட்டத்தைப் பார்க்கலாம். அருவியை நிதானமாகப் பார்க்க முடியாது.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செம்மேடு வந்து, அங்கிருந்து வளப்பூர் நாட்டு அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போக வேண்டும். அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடியது இந்த ஈசனைத்தான். கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றில் மீன்களைப் பிடிப்பதில்லை, பொரி போடுவார்கள். அறுத்துச் சமைக்கப்போன மீன் மறுபடி பொருந்தி நீந்திப் போனதாக ஒரு கதை உண்டு. ஒரு கதை ஓர் ஓடையின் மீன்களை இத்தனை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு அந்தக் கதையின் மேல் மரியாதை கூடுகிறது.

கோயில் வாசலில் நின்றால் அருவி இருப்பதற்கான அடையாளமே இல்லை. சமதளம்போல் கிடக்கும் நிலத்தில் ஆறு சாதுவாக ஓடுகிறது. அதே ஆறு சற்றுத் தொலைவில் மலையின் விளிம்பைத் தாண்டி, ஏறத்தாழ 300 அடி கீழே பாய்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் போக ஆயிரத்துக்கும் அதிகமான படிகள். பொதுவாக மலையேற்றத்தில் பாடு முதலில், பலன் பிறகு. இங்கே இறங்கி, குளித்து, உடல் தளர்ந்த பிறகுதான் ஏற்றம் ஆரம்பம். ஏறும்போது மூச்சு வாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடலின் எடையைத் தாங்கிப் பிடிப்பது முழங்கால்தான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. படி தொடங்கும் இடத்தில் முடவாட்டுக்கால் சூப் விற்கும் அம்மா ஒருவர் எங்களைப் பார்த்து, "மெதுவா எறங்குங்க. இப்ப ஓடினா, ஏறும்போது முழங்காலு கேக்கும்" என்றார். இதைவிட நல்ல ஆலோசனையை எந்த மலையேற்ற வழிகாட்டியும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த முடவாட்டுக்கால், பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் ஒரு வகைப் பெரணியின் கிழங்கு. மேலெல்லாம் ஆட்டின் காலைப்போல ரோமம். சீவி, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்துத் தருகிறார்கள். மார்கழிக் குளிரில் அந்தச் சூடு தொண்டைக்குள் இறங்குவது தனி சுகம்.

காலை எட்டு மணிக்கும் படிகளில் வெயில் விழவில்லை. இரவில் கனத்த குளிர்காற்று பள்ளத்தில் தேங்கிக் கிடக்கிறது. இறங்க இறங்கக் குளிர் கூடுகிறது. பாசி பிடித்த படிகளில் கைப்பிடியை விடவே கூடாது. சத்தம் முதலில் வருகிறது, பிறகு ஈரம், கடைசியில்தான் அருவி. விழும் நீர் தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு வருவதால் அடிவாரத்தில் எப்போதும் ஓர் எதிர்க்காற்று முகத்தில் அறைகிறது. தண்ணீர் விழும் இடத்துக்கு இருபதடி முன்பே நனைந்துவிட்டோம். மழைக்காலத்துச் செம்மண் கலங்கல் துளியும் இல்லை. வெள்ளம் வரும் நாட்களில் இறங்கவே விடமாட்டார்கள். பனிக்காலத்தில் அதே நீர் அடங்கி, மனிதன் தலைகொடுக்கும் அளவுக்கு இறங்கி வருகிறது. முதல் நிமிடம் மூச்சு அடைத்தது. அதன் பிறகு வெளியே வர மனமில்லை.

மழை நின்று வாரங்கள் கடந்தும் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேலே உள்ள சோலையிலிருந்தும், அதன் மண்ணிலிருந்தும். உதிர்ந்த இலை மட்கிய மண் மழையை ஓடவிடாமல் உள்ளே வாங்குகிறது. பாறை இடுக்குகளில் சேர்ந்து, ஊற்றாகக் கசிந்து, ஐயாற்றுக்கு வந்து சேர்கிறது. மழைக்கால அருவியை மேகம் தருகிறது என்றால், தை மாத அருவியைத் தருவது காடு. அதனால்தான் ஒரு மலையின் உடல்நிலையை அறிய அதன் பனிக்கால நீரைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

கொல்லிமலையில் மலையாளி பழங்குடி மக்கள் சாமை, தினை, பனிவரகு விதைத்த நிலங்களில், கடந்த சில பத்தாண்டுகளாக மரவள்ளி பெருகிவிட்டது. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு அது போகிறது. கையில் காசு கிடைக்கும் பயிரை நடுவதற்காக அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் சரிவில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் புரண்டு, அடுத்த மழையில் கரைந்து போகிறது. மண் போனால் நீரைப் பிடித்து வைக்க இடமில்லை. சிறுதானியங்களைக் காக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் நெடுங்காலம் வேலை செய்திருக்கிறது. அந்த வேலைக்குக் கைகொடுக்க வேண்டியவர்கள் கீழே இருக்கும் நாம்தான்.

அருவியடியில் ஷாம்பு உறைகள் கிடந்தன. நீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. மலையடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறங்கி, துறையூர்ப் பக்கத்து மக்களிடம் போகிறது. எண்ணெயும் சோப்பும் வீட்டோடு இருக்கட்டும்.

பொங்கலுக்கு முன் ஒரு வார நாளில், காலையிலேயே போய்விடுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கோயிலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். திரும்பும் வழியில் சாமையும் தினையும் கிடைத்தால் மலைக்காரர்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாமல்.